கிருஷ்ணப்பிரியா வளர்ந்த நேரங்கள்

சேக்காட்டில் ரேஷன் கடைக்குப் பின்தெருவில் குடியிருந்த பாஸ்கரன், கஸ்தூரி தம்பதியின் ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா, அம்மா விழித்தபடி பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டுமே வளர்ந்தாள். மற்ற நேரத்தில் அவளுக்கு நகம்கூட வளராது. 2013 ஆவணியில் பிறந்து, ஒன்றரை வயதுவரை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தாள். கஸ்தூரி வேலைக்குப் போன நாளிலிருந்துதான் இப்படி ஆனது. கஸ்தூரிக்குக் கிடைத்த வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது.

ஆவடி குவார்ட்டர்ஸ் ஓரமாக ராணி என்பவர் நடத்திவந்த காப்பகம் அது. கணவன், மனைவி இருவரும் ஷிப்டுக்குப் போகும் வீடுகளின் பிள்ளைகள் காலை ஆறரைக்கெல்லாம் அரைத்தூக்கத்தில் தோளில் வந்து சேர்வார்கள். பதினாறு பிள்ளைகள். அவர்களுக்குப் பால் ஆற்றி, கால் கழுவிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டி, தட்டித் தூங்கவைத்து, கடைசிப் பிள்ளையை அதன் அப்பா வந்து வாங்கிக்கொண்ட பிறகு கஸ்தூரி வீடு திரும்ப ஏழரை ஆகிவிடும். அதுவரை கிருஷ்ணப்பிரியா பக்கத்து வீட்டில் பூ கட்டும் நாகம்மாளிடம் இருப்பாள். வேலை செய்கிறவர்கள் தங்கள் பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது, கண் அதன் மேலேயே இருக்கும் என்பது ராணியின் சட்டம். அதில் நியாயம் இருப்பதாகவே கஸ்தூரிக்கும் பட்டது.

முதலில் கண்டுபிடித்தது நாகம்மாள்தான். அடுத்த பொங்கல் முடிந்த மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே சொன்னாள். "இன்னா கஸ்தூரி, பத்து மாசமா நான் தூக்கிகினு கீறேன், பாப்பா ஒரு நூல் ஏறல. பண்டிகைக்கு நாலு நாள் நீ ஊட்ல இருந்த, கொலுசு இறுகிப்போச்சு. நீயே பாரு." கஸ்தூரி பார்த்தாள். கொலுசு காலில் அழுந்தித் தடம் பதிந்திருந்தது.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், கை எலும்பைப் படம் பிடித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வயதான டாக்டர் ஒருவர், அம்மா வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று மட்டும் விசாரித்துவிட்டு, சீட்டில் 'அம்மா, தினமும் எட்டு மணி நேரம்' என்று எழுதிக் கொடுத்தார். பாஸ்கரன் அதைக் கீழே மருந்துக் கடையில் நீட்டினான். கடைக்காரர் படித்துப் பார்த்து, ஸ்டாக் இல்லை என்று திருப்பித் தந்தார்.

பாஸ்கரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஒரு மாதம் இரவு ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, பகல் முழுக்கத் தானே மகளைப் பார்த்துக்கொண்டான். தோளில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினான், தூக்கத்தைத் துறந்து கதை சொன்னான். அவள் சிரித்தாள், விளையாடினாள், வளரவில்லை. பிறகு பழைய ஷிப்டுக்கே போய்விட்டான்.

கஸ்தூரி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள், துணி துவைத்தாள். ஆனால் சாப்பிட்டு முடித்து அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். தூங்கும் அம்மா கணக்கில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் மழை விடுமுறைகளும் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு விரற்கடை கிடைத்தது. புத்தியும் பேச்சும் மட்டும் காலண்டர்படி வளர்ந்தன. ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, இரண்டரை வயது உடம்போடு பெஞ்சில் பலகை போட்டு உட்கார்ந்து, வகுப்பிலேயே முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

காப்பகத்திலோ நேர்மாறாக நடந்தது. கஸ்தூரியின் கையில் சாப்பிட்ட பிள்ளைகள் வயதுக்கு மீறிய உயரத்தில் நின்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுச் சட்டை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளானூரிலிருந்தெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ராணி இன்னொரு அறை கட்டினார். யாருடைய வளர்த்தி எங்கே போகிறது என்று புரிந்துபோன கஸ்தூரி, ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வேலை பார்த்தாள். ஊட்டினாள், கழுவினாள், பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளைகள் சோற்றைத் துப்பின. ஐந்தாம் நாள் கிரண் என்ற ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, கண்ணைத் திறக்காமலே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கஸ்தூரி அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் அப்படிச் செய்ய அவளால் முடியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காப்பகத்தைப் பூட்டினார்கள், எஸ்டேட்டையும் பூட்டினார்கள். ரேஷன் அரிசியைத் தின்றுகொண்டு மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். கிருஷ்ணப்பிரியா வளர்ந்தாள். அதுவரை நிலுவையில் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்ததுபோல வளர்ந்தாள். முட்டி வலிக்கிறது என்று அழுவாள், கஸ்தூரி எண்ணெய் தேய்த்துவிடுவாள். அடர்ந்த முடியை மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருந்தது. பாஸ்கரன் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய பாவாடை சட்டை கேட்டு வாங்கிவந்தான். பக்கத்துத் தெருவில் சாவு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்தை அவர்கள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. எட்டரை வயதில் அவள் ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்தைத் தொட்டிருந்தாள். இன்னும் மூன்று வருடம் இப்படியே போனால் சரியாகிவிடும் என்று நாகம்மாள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

2022 பிப்ரவரியில் காப்பகம் திறந்தது. எஸ்டேட்டில் பாஸ்கரனை மறுபடி கூப்பிடவில்லை. வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது, அது வாடகைக்கே போதவில்லை. ராணி இரண்டு தடவை போன் செய்தார். கஸ்தூரி எடுக்கவில்லை. பிறகு ஜமீலா வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய மூத்த பையன் கஸ்தூரியிடம் வளர்ந்தவன். இப்போது ஊரடங்கில் பிறந்த இரண்டாவது குழந்தை கையில் இருந்தது.

"அக்கா, வேற எங்க விட்டாலும் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேங்குறான். நான் போகலன்னா அங்க ஒரு வார்டே அப்படியே கெடக்கும்" என்றாள்.

அதற்குள் உள்ளேயிருந்து கிருஷ்ணப்பிரியா எட்டிப் பார்த்தாள். ஜமீலாவுக்கும் விஷயம் தெரியும், தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், பரவாயில்லக்கா என்று எழுந்து போய்விட்டாள். அதைத்தான் கஸ்தூரியால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். பாஸ்கரன் வந்து, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கிருஷ்ணப்பிரியாதான் சொன்னாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நீ போம்மா. அந்தப் பாப்பாங்க சாப்பிடாம இருக்கும். நீ ரிட்டையர் ஆயி ஊட்டுக்கு வருவ இல்ல, அப்போ மொத்தமா வளர்ந்துக்கறேன்."

காப்பக வேலையில் ரிட்டையர்மென்ட் என்று ஒன்று கிடையாது என்பதைக் கஸ்தூரி அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் ஆறு மணிக்குக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தம் வரை பாஸ்கரன் கூட வந்தான்.

பிறகு ஏறக்குறைய நான்கு வருடங்கள் போயின. ஜமீலாவின் பிள்ளை ஓங்குதாங்காக வளர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, அதன் இடத்தில் வேறு பிள்ளை வந்தது. கஸ்தூரிக்கு முன்தலை நரைத்தது. மகளின் வளர்த்தி பற்றித் தெருவில் பேசுவது நின்றுபோனது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதைப் போல அதுவும் ஆகிவிட்டது.

2025 டிசம்பரில், ஏழாம் வகுப்பில் குரூப் போட்டோ எடுக்க அம்பத்தூரிலிருந்து சிவராமன் என்ற போட்டோகிராபர் வந்தார். பிள்ளைகளை உயரப்படி நிறுத்திக்கொண்டிருந்தவர், முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்து, இந்தப் பாப்பா யாருடைய தங்கச்சி, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள் என்றார்.

"எங்க கிளாஸ்தான் சார். அவங்க அம்மா வேலைக்குப் போறாங்க" என்றாள் பின்வரிசையில் நின்ற ஒரு பெண்.

"ஓ, சரிம்மா" என்றார் சிவராமன். கேமரா ஸ்டாண்டை ஒரு சாண் கீழே இறக்கிவிட்டு, எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொன்னார்.