படுக்கைவிரிப்பில் ஓடிய படம்

வீட்டுக்காவல் விதிக்கப்பட்ட பதினோராவது வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, இயக்குநர் மஹ்லகா தவானா பால்கனியில் காயப்போட்ட படுக்கைவிரிப்பில் படம் ஓடத் தொடங்கியது. புரொஜெக்டர் எதுவும் இல்லை. தெஹ்ரானில் அன்று நல்ல வெயில். அவர் எடுக்க நினைத்து, மூன்று முறை அனுமதி மறுக்கப்பட்டு, கடைசியில் எந்தக் கதைக்காகத் தண்டனை பெற்றாரோ அதே கதை: கணவனை இழந்த தையல்காரி ஒருத்தி நாற்பது வருடம் கழித்துத் தன் சமையலறையில் ஆடுகிறாள். ஈரத் தலையணை உறையும் கையுமாக மஹ்லகா பார்த்துக்கொண்டு நின்றார். ஒளியமைப்பு தான் நினைத்ததைவிட நன்றாக அமைந்ததில் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் படம் ஓடியது; எதிர்க் கட்டடத்தில் நாற்காலிகள் போடப்பட்டன. கீழ்வீட்டு பர்வானே சூரியகாந்தி விதை கொறித்தபடி அண்ணாந்து கத்தினாள்: “அக்கா, விரிப்பை இழுத்துக் கட்டுங்க! கதாநாயகி மூஞ்சி கோணுது!”

தீர்ப்பில் கேமரா தொடக் கூடாது, கதை எழுதக் கூடாது, வாசல் தாண்டக் கூடாது என்று இருந்தது. துணி துவைக்கக் கூடாது என்று இல்லை. தணிக்கை அலுவலகம் ஒரு மாதம் சட்டப் புத்தகங்களைப் புரட்டி, விரிப்பையே படச்சுருளாகக் கருதலாம் என்று முடிவுசெய்து, நிக்பின் என்ற அதிகாரியைக் கத்தரிக்கோலோடு அனுப்பியது. இருபத்தாறு வருடப் பணியில் ஒரு படத்தையும் முழுசாகப் பார்க்காத நேர்மையான மனிதர் அவர்.

“அம்மா, இவ இடுப்பு அசையுது.”

“ஆடினா அசையாதா சார்?”

“அசையாம ஆடச் சொல்லுங்க.”

“நான் சொன்னா எங்க கேக்கிறா? நீங்களே சொல்லிப் பாருங்க.”

நிக்பின் விரிப்பிடம் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு வெட்டினார். அந்த ஓட்டை வழியே மலை தெரிந்தது. விசாரணையில்கூட அழாத மஹ்லகா அன்று அழுதார்.

வெட்டிய காட்சி அழியவில்லை. நிக்பினின் வெள்ளைச் சட்டை முதுகில் ஏறிக்கொண்டது. பேருந்தில் தையல்காரி ஆட ஆட, பயணிகள் தங்கள் நிறுத்தத்தில் இறங்க மறந்தார்கள். அவர் கறுப்புச் சட்டைக்கு மாறினார். இருட்டு அரங்குபோல அதில் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. வீட்டில் அவர் மனைவி, “கொஞ்சம் திரும்பி உக்காருங்க, இப்பத்தான் நல்ல இடம் வருது” என்றாள்.

அனுமதியின்றிப் படம் காட்டியதாக நிக்பினுக்கும் வீட்டுக்காவல் விழுந்தது. காவலர் பற்றாக்குறை; ஒரே கட்டடமென்றால் ஓர் ஆள் போதுமென்று அவரை மஹ்லகாவின் பக்கத்து வீட்டிலேயே வைத்தார்கள். இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். முதல் வெள்ளிக்கிழமை அவர் தயங்கித் தயங்கி வெளியே வந்து, “அந்த இடம் வரும்போது சொல்லுங்கம்மா, திரும்பிக்கிறேன்” என்றார். மஹ்லகா சொன்னார், நிக்பின் முதுகைத் திருப்பினார். வெட்டுக்குப் பிறகு முதன்முறையாக மஹ்லகா தன் படத்தை ஒரு குறையும் இல்லாமல் பார்த்தார். தெரு கைதட்டியது. காவலரும் தட்டினார்.

இப்படி ஆறு வருடம் ஓடியது. ஏழாவது வசந்தத்தில் மஹ்லகா புது விரிப்பொன்றைத் துவைத்து விரித்தார். அதில் வேறு கதை.

“அம்மா, இதுல என் பங்கு எது?”

“நீங்க எதை வெட்டுறீங்களோ, அது.”

நிக்பின் படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இரண்டு தடவை பார்த்தார். பிறகு மஹ்லகாவிடம் கத்தரிக்கோலை வாங்கி, இருப்பதிலேயே சிறந்த காட்சியை வெட்டிக்கொண்டார்.