சௌந்திரத்தின் இடது கை

ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண் தனப்பிரியா நர்ஸாகச் சேர்ந்த அன்று, எருமப்பட்டிக்குத் தெற்கே உள்ள அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த எல்லோருடைய கையிலும் நரம்பு மறைந்துவிட்டது. அவள் ஊசியை எடுத்தால் தோல் வழவழவென்று ஆகிவிடும். கீழே வைத்தால் நரம்பு திரும்பி வரும். கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கும் பொன்னனுக்குக் கயிறு கயிறாக நரம்பு. அதுவும் தோள்பட்டைக்கு ஓடி அங்கேயே நின்றுகொண்டது. "நரம்புக்கே உன்னையக் கண்டா பயம் போல சாமி" என்று சிரித்தார். முன்பு வந்த புது நர்ஸுகளுக்கும் இப்படித்தான் ஆனது. ஒருத்தி சாப்பிடப் போனவள் அப்படியே பஸ் ஏறிவிட்டாள். ஊர்க்காரர்கள் இதைக் கரண்டு போவதைப்போல எடுத்துக்கொண்டார்கள். தனப்பிரியா தினமும் காலையில் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு உள்ளே வருவாள். மூத்த நர்ஸ் சௌந்திரம் அவளுக்குப் பதிலாக ஊசி போட்டாள், டாக்டர் கத்தினால் குறுக்கே நின்றாள், டீயை நீட்டி, "பயந்துக்க. பஸ் மட்டும் ஏறிடாத" என்றாள்.

தனியாக மாட்டிக்கொள்ளும் நாளை நினைத்துத்தான் தனப்பிரியாவுக்குப் பயம். ஐப்பசியில் ஒரு மத்தியானம் அது வந்தது. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். வலிப்பு வந்த கர்ப்பிணியோடு சௌந்திரம் 108 வண்டியில் நாமக்கல் போயிருந்தாள். அப்போதுதான் பிள்ளை பெற்ற யாழினிக்கு ரத்தம் நிற்கவில்லை. தொடையில் ஊசி போட்டாயிற்று, வயிற்றை அழுத்தித் தேய்த்தாயிற்று. அடுத்த வண்டி சேந்தமங்கலத்திலிருந்து வரவேண்டும். அதுவரை உயிர் நிற்க நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியாக வேண்டும். யாழினியின் இரண்டு கையும் வெறும் மெழுகு. "ஏம்மா சும்மா நிக்கற?" என்று அலறினாள் மாமியார் அங்கம்மாள். தனப்பிரியாவின் கால் வழியே மூத்திரம் இறங்கியது. போனில் சௌந்திரத்தைப் பிடித்து, "அக்கா, நரம்பே இல்லீங்க" என்றாள்.

"அழுவாத, நில்லு. என்ற இடது கையில ஒண்ணு கெடக்குது, அனுப்பறேன். வந்தொடனே குத்து."

யாழினியின் முழங்கைக்குக் கீழே, தடித்துப் பச்சையாக, ஐம்பது வயது நரம்பு ஒன்று எழுந்து நின்றது. தனப்பிரியா குத்தினாள். ஊசிக்குள் ரத்தம் ஏறியது.

யாழினி பிழைத்தாள். நரம்பு திரும்பிப் போகவில்லை. "மருமக கை என்ற கையாட்டம் கெழடு தட்டிப்போச்சு. போகட்டும், புள்ளைக்குத் தாயி இருக்கறா" என்றாள் அங்கம்மாள். சௌந்திரத்தின் இடது கையில் அதன் பிறகு யாரும் நரம்பு தேடவில்லை. தனப்பிரியாவுக்கு ஒவ்வொருவர் கையிலாக நரம்பு தென்பட ஆரம்பித்தது. வாந்தி மட்டும் நிற்கவில்லை. தை மாதம் புது நர்ஸ் ஒருத்தி வருவதாகத் தகவல் வந்தது. சௌந்திரம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது உங்களுக்கே இருக்கட்டுங்க அக்கா" என்ற தனப்பிரியா, தன் கோட்டின் இடது கையை மேலே மடித்துவிட்டாள்.