வத்தேகம பஸ்ஸில் ஒரு கதிரை

முப்பத்தோராம் நாள் பந்தி முடிந்ததும் நினைவுமலரைக் கையில் தந்தார்கள். அட்டையில் வரதராசாவின் படம். உள்ளே தேவாரம், வம்சாவழி, பிறகு பன்னிரண்டு பக்கம்: 'அமரரின் எழுத்து.'

அவருடைய மனைவி மங்களேஸ்வரி முதல் வரியைப் படித்தாள். அது அவள் எழுதிய வரி.

கண்டியிலிருந்து வத்தேகம போகும் பஸ்ஸின் கொண்டக்டர் ஒருவன் சொல்வதாகப் பதினாறு வருடம் அவள் எழுதிவந்த கதை. யாருக்கும் காட்டியதில்லை. காட்டத் தோன்றியதுமில்லை. ஞாயிறு பின்னேரங்களில் எழுதுவாள். எழுதும்போது தானே சிரிப்பாள். கொப்பியில் பெயர் கிடையாது. வரதராசா ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவரிடம் அவளுக்கு மிகப் பிடித்தது அதுதான்.

மாரடைப்பில் போனார். ஊருக்குப் போகும் யாழ்ப்பாணப் பாதை சண்டையால் பூட்டியிருந்ததால் சடங்கெல்லாம் கண்டியிலேயே. கொழும்பிலிருந்து வந்து நின்ற அவருடைய அண்ணன் மகேந்திரராசா, அலுமாரியில் பத்திரம் தேடியபோது கொப்பியை எடுத்திருக்கிறார். கதை சொல்பவன் ஆண். ஆகவே எழுதியதும் ஆண். அவளைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

எட்டு வருடத்துக்கு முன், எண்பத்துமூன்று கலவரத்தில், வீட்டோடு ஆறு கொப்பிகள் எரிந்தன. எரித்தவர்களை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்கள் அவற்றைப் படிக்கவில்லை.

விறாந்தையில் ஸெய்னுலாப்தீன் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அக்குறணைக்காரர், வரதராசாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்த சிநேகிதர். நெரிசல் பஸ்ஸில் ஒருவர் சொந்தக் கதிரையோடு ஏறி, நடுவில் போட்டு உட்காருகிற இடம். கொண்டக்டர் கதிரைக்கும் டிக்கெட் கிழிக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள்.

"வாயே தொறக்காத மனிசன். உள்ளுக்கு இவ்வளவு வெச்சிருந்திருக்காரு," என்றார்.

அவள் சிரித்த அதே இடத்தில் சிரித்தார்கள். ஒரு கணம் அவளுக்கு இனித்தது. அந்த இனிப்புத்தான் அவளை அதிகம் கொதிக்கவைத்தது. இனிக் கொப்பியைத் திறந்தால் இவர்களும் வந்து குந்துவார்கள்.

மகேந்திரராசா பக்கத்தில் வந்து மிச்சக் கொப்பிகளைக் கேட்டார். பத்திரிகையில் ஆள் இருக்கிறதாம். தொடராகப் போடலாமாம். தம்பியின் பெயர் நிலைக்குமாம்.

"அது நான் எழுதினது, அத்தான்."

நம்ப அவருக்கு நேரமெடுத்தது. பிறகு முகம் இளகியது.

"இதுக்கே கோவம்? அப்ப உன்ர பேரில போடுவம், பிள்ளை."

"ஒருத்தற்ர பேரிலயும் வேண்டாம்."

"பின்னை ஆருக்கெண்டு எழுதினனீ?"

"எனக்கு."

"விசர்க் கதை. ஆரும் வாசிக்காமல் என்ன எழுத்து?"

"நீங்கள் ஒரு மாசமாய் என்ர கிணத்தடியில குளிக்கேக்க பாடுறியள். ஆரைக் கூப்பிட்டு வைச்சுப் பாடுறியள்?"

ஸெய்னுலாப்தீன் இருமினார்.

அவள் அவர் கையிலிருந்த மலரை வாங்கினாள். பிறகு ஒவ்வொருவரிடமும் போய்க் கையை நீட்டினாள். துக்கவீட்டுக்காரி கேட்டால் மறுக்க முடியாது. அங்கேயே நின்று பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்து, படத்தையும் தேவாரத்தையும் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிறு பின்னேரம் கொப்பியைத் திறந்தாள். கண்டியிலேயே பஸ் நிறைந்துவிட்டது. கொழும்புப் பெரியவர் ஒருவர் ஏறினார். கையில் கதிரை இல்லை. அவரை நிற்கவைத்தாள். கொண்டக்டர் பாடச் சொன்னான்.

வத்தேகமவுக்கு இன்னும் நாற்பது பக்கம் இருந்தது.