நன்றியுரையில் நந்தி

ரேஷ்மியின் ஆய்வேடு ஆய்வில் தேறிவிட்டது, நன்றியில் தோற்றுவிட்டது.

நூலகத்தில் கருத்துத்திருட்டுச் சோதனை செய்யும் அஞ்சு சேச்சி அறிக்கையை நீட்டினாள். "மேற்கோள் எல்லாம் சேந்தும் பத்து சதவீதத்துக்குள்ளதான் நின்னுது மோளே. இந்த நன்றியுரைப் பக்கம்தான் தாண்ட வெச்சிட்டு. பாரு, முழுக்கச் செவப்பாக்கும்."

இன்று அலுவலகம் மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் சமர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும். அது இல்லாமல் நாகர்கோவில் கல்லூரி நேர்காணலுக்குள் நுழைய முடியாது.

நன்றியுரை அவள் எழுதியதல்ல. தமிழ்த்துறையில் அதை யாரும் எழுதுவதில்லை. போன வருட ஆய்வேட்டிலிருந்து எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வார்கள். ஸ்டீல் ஸ்கேலோடு உலவும் நெறியாளர் முனைவர் பூதலிங்கத்தின் விதி அப்படி: இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வரி இடைவெளி ஒன்றரை, நன்றியில் சூரியன் ஒன்று. "அறியாமை இருள் அகற்றிய கதிரவனாம் என் நெறியாளர் திருவடிகளுக்கு என் நந்தி உரித்தாகுக."

நன்றி அல்ல, நந்தி. கருத்தரங்கிலேயே இதற்கு அவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். கருவறை முன்னால் நந்தி அசையாமல் கிடப்பது போல மாணவன் நெறியாளர் முன்னால் கிடக்க வேண்டும், அதுதான் நுட்பம் என்று. அதன் பிறகு ஒருவரும் அந்தக் காளையைத் தொடவில்லை.

ரேஷ்மி அறிக்கையோடு அவர் அறைக்குப் போனாள்.

"யாரப் பாத்து எழுதுன?" என்று அதட்டினார்.

"வினீத் அண்ணனப் பாத்து சார்."

"அவன் யாரப் பாத்தான்?"

"இசக்கி அக்காவ."

"அவ?"

ரேஷ்மி அறிக்கையின் கடைசி வரியில் விரலை வைத்தாள். மூல ஆவணம்: பூதலிங்கம் அவர்களின் முனைவர்பட்ட ஆய்வேடு.

அவர் ஸ்கேலை மேசைமேல் நேராக வைத்தார். பிறகு இன்னும் நேராக வைத்தார்.

"அது எழுத்துப்பிழை பிள்ளே. நான் ஆய்வு பண்ணுன காலத்துல இங்க நாள் முழுக்க மலையாளந்தான், அதுல நன்றிக்கு நந்தின்னுதான் சொல்லுவாவ. கடைக்காரன்கிட்டயும் நந்தி, கண்டக்டர்கிட்டயும் நந்தி. கை அப்படியே எழுதிட்டு. பைண்டு பண்ணுன பொறவுதான் பாத்தேன். அர்த்தம் என்னான்னு ஒருத்தன் கேட்டான். நான் என்ன சொல்லுவேன்?"

"அதனால சிவன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க, சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போ, நீயே எழுதிட்டு வா. நேரம் ஆவுது."

இருநூறு பக்கம் எழுதியவளுக்கு ஒரு பத்தி வரவில்லை. கதிரவன் வந்தது, அழித்தாள். கலங்கரை விளக்கம் வந்தது, அதையும் அழித்தாள். அவர் திருத்திய பழைய பிரதியைப் புரட்டினாள். மூன்றாம் இயலின் ஓரத்தில் பென்சில் எழுத்து பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்:

"என் ஆய்வேட்டை நெறியாளர் முழுக்கப் படித்தார். மூன்றாம் இயலைக் கரமனைப் பேருந்தில் நின்றபடி திருத்தியிருக்கிறார், எழுத்தே குலுங்குகிறது. அந்த இயல் தவறு என்றார். தவறுதான். அவர் சொல்லியிராவிட்டால் இன்னும் அதை நம்பிக்கொண்டிருப்பேன். அவருக்கு நன்றி."

"பாஸாயிட்டு, ஓடு!" என்றாள் அஞ்சு சேச்சி, புதுப் பக்கத்தையும் சோதித்துவிட்டு.

பூதலிங்கம் அந்தப் பக்கத்தை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"கதிரவன் இல்லியா?"

"இல்ல சார்."

"திருவடி?"

"அதும் இல்ல."

"நந்தி?"

"கோயில்லயே இருக்கட்டும் சார்."

ஸ்கேலை எடுத்து இடது ஓரத்தை அளந்தார். ஒன்றரை அங்குலம் சரியாக இருந்தும் ஸ்கேலை அங்கிருந்து எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பக்கத்த மட்டும் ஒரு காப்பி கூடுதலா எடுத்துத் தா."

"யூனிவர்சிட்டிக்கு இது போதும்லா சார்?"

"யூனிவர்சிட்டிக்கு இல்ல." மேசை இழுப்பறையைத் திறந்து இடம் ஒதுக்கினார். "அடுத்த வருசத்துப் பிள்ளையளுக்கு மட்டும் காட்டிராத, கேட்டியா? எல்லாவனும் என்னைய பஸ்ஸுல ஏத்திருவானுவ."