பெட்டிக்கு ஒரு பேர்

ஹாரிகாவுக்குத் தன் பொருள் எதுவும் தொலைந்தால் தேடப் பொறுமை கிடையாது. யாரோ முகம் தெரியாத ஆள் ஒளித்துவைத்ததைத் தேடுவது என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம். கணபதிப் பகுதியில் பம்ப் உதிரிபாகங்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு புதர், பாலம், குளக்கரை என்று அலைச்சல்.

விளையாட்டின் பேர் ஜியோகேஷிங். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் பதிவு செய்வார்கள். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய், பெட்டிக்குள் இருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. "வெயில்ல சுத்தறதுக்கு ஒரு சாக்கு" என்பான் அவள் கணவன் கிஷன். சிங்காநல்லூர்க் குளக்கரையில் அவளுக்கு முதல் பெட்டி கிடைத்தபோது அவளைவிடச் சத்தமாகக் கத்தியவன் அவன்தான். அதை வசதியாக மறந்துவிட்டான்.

தேடித் தேடி ஆசை முற்றிப்போய், தானே ஒன்றை ஒளித்துவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இடத்துக்கு அவள் யோசிக்கவே இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம், வாய்க்கால் கரையில், தாத்தா கோவிந்தராஜுலுவின் தென்னந்தோப்பு. அங்கே ஒரு தென்னை எப்போதோ காற்றில் சாய்ந்து, தரையோடு படுத்து, பிறகு என்ன நினைத்துக்கொண்டதோ, மறுபடி நிமிர்ந்து வளர்ந்திருக்கும். அந்த வளைவுக்கு அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்குச் சந்து உண்டு. பெட்டி ஒளிக்க அதைவிட நல்ல இடம் ஜில்லாவிலேயே கிடையாது என்று கிஷனிடம் அடித்துச் சொன்னாள்.

தண்ணீர் புகாத டப்பா, சுருட்டிய வெள்ளைத் தாள், பென்சில், சும்மா அழகுக்கு ஒரு பிளாஸ்டிக் பம்பரம். வாய்க்கால் மேட்டிலிருந்து இறங்கிப் போய் வைத்தாள். தென்னை ஓலைகளுக்குக் கீழே போன் காட்டும் எண்கள் குதித்துக்கொண்டே இருந்தன. தள்ளிப் போய்த் திரும்பி வந்து பார்த்தாள், வேறு பக்கமிருந்து வந்து பார்த்தாள், திருப்தியான பிறகுதான் குறித்துக்கொண்டாள். தோப்பில் ஆள் அரவம் இல்லை. யாரிடம் கேட்க வேண்டும், நம் தோட்டம்தானே என்றுதான் மனசில் ஓடியது.

அன்றைக்கே பதிவுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் என்ற இடத்தில், தாத்தாவை வைத்து ஊரே சொல்கிறபடி 'நாயுடு தோட்டம்' என்று போட்டாள். குறிப்பு, கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், நடக்க எவ்வளவு கஷ்டம், எல்லாம் எழுதி அனுப்பியாயிற்று. புதுப் பெட்டி எதுவும் நேரடியாக வரைபடத்தில் ஏறிவிடாது. தன்னார்வலர் ஒருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அவரிடமிருந்து கேள்வி வந்தது: இடம் நன்றாக இருக்கிறது, தனியார் நிலம் போலத் தெரிகிறதே, உரிமையாளர் யார், அவர் சம்மதித்தாரா?

'கோவிந்தராஜுலு' என்று தட்டினாள். தட்டி முடித்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன்பே தோட்டத்தை விற்றும்விட்டார். அப்போது அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் இன்றைக்கும் எல்லோருக்கும் அது 'நம்ம தோட்டம்'தான். வாங்கினது யார் என்று ஒருவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது கேட்டாக வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் பெட்டி வரைபடத்தில் ஏறாது, முதல் பெட்டியே ஊற்றி மூடிக்கொள்ளும். அதைவிட, யாராக இருக்கும் என்ற குடைச்சல்.

அடுத்த ஞாயிறு வாய்க்கால் பாலத்து டீக்கடையில் விசாரித்தாள். கடைக்காரர் பாலுசாமி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நாயுடு தோட்டமுங்களா அம்மணி? அத சாமுவேலு மவ வாங்கிப்போட்டா. அன்புச்செல்வி, ஆஸ்பத்திரில நர்ஸு. வாய்க்காலத் தாண்டி எடக்கைப் பக்கம். நாயுடு தோட்டம்னு கேளுங்க, சின்னக் கொழந்தயும் வழி சொல்லும்."

சாமுவேலை அவளுக்கு ஞாபகம் இருந்தது. தாத்தா காலத்தில் அந்தத் தோப்பில் மரம் ஏறித் தேங்காய் போட்டவர். அவர் மகளா? ஹாரிகாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அன்புச்செல்வி சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஹாரிகா வயதுதான் இருக்கும். கோவிந்தராஜுலு பேத்தி என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்று குழாய்ச் சுருளைத் தள்ளி இடம் ஒதுக்கினாள்.

"ஏனுங்க, உங்களக் கேக்காம ஒரு காரியம் பண்ணிப்போட்டேன்" என்று ஹாரிகா மென்று விழுங்கினாள். "உங்க தோப்புல ஒரு ஜியோகேஷ் ஒளிச்சு வெச்சிருக்கறேனுங்க."

"கேஷா? பொய்யி சொல்லாதீங்க. உள்ள ஒரு பம்பரந்தான இருந்துச்சு!"

அன்புச்செல்வி எழுந்து நேராக அந்த வளைந்த தென்னைக்குப் போய், சந்துக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து வந்தாள்.

"மட்டை பொறுக்கறப்பக் கைல மாட்டுச்சுங்க. எங்கப்பா செய்வினைன்னு பயந்துபோயி தொடாதங்கறாரு. தொறக்காம இருக்க முடியுங்களா? பம்பரமும் பென்சிலும் வெச்சு யாருங்க செய்வினை வெப்பாங்க? சரி, வெச்ச ஆளு வராமயா போயிருவாங்கன்னு இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். டூட்டி முடிஞ்சு வந்தா மொத வேல இதப் பாக்கறதுதான்."

இவள் நம்ம ஜாதி என்று ஹாரிகாவுக்கு உடனே தெரிந்துவிட்டது, தேடுகிற ஜாதி. ஆட்டத்தை விளக்கினாள். அன்புச்செல்வி குறுக்கே குறுக்கே கேட்டாள். வெளிநாட்டுக்காரங்களும் வருவாங்களா? மழை பெய்தால் தாள் என்ன ஆகும்? வந்தவர் பம்பரத்தை எடுத்துக்கொண்டால்? எடுத்தால் பதிலுக்கு வேறு ஏதாவது வைக்க வேண்டும் என்றதும் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தாராளமா வெச்சுக்குங்க" என்றாள்.

அந்தத் தெம்பில் ஹாரிகா போனை நீட்டிப் பதிவுப் பக்கத்தைக் காட்டினாள். அன்புச்செல்வி படித்தாள். சிரிப்பு நின்றுபோனது.

"இந்தப் பேரு வேண்டாமுங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பேருங்கறதால போட்டேன். தேடி வாரவங்களுக்குச் சுலபமா இருக்குமேன்னு..."

"தேடறதுதானுங்க வெளையாட்டு? சுலபமா இருக்கோணும்னா பொட்டிய எதுக்கு ஒளிக்கோணும்?"

அன்புச்செல்வி குரலை உயர்த்தவில்லை.

"பத்திரத்துல எம்பேரு, கரண்டு பில்லுல எம்பேரு. கொரியர்காரன் கூப்புட்டா நாயுடு தோட்டமாங்கறான். தேங்கா ஏத்த வார லாரிக்காரனும் அதத்தான் சொல்றான். எங்கப்பா மரமேறுனப்பவும் நாயுடு தோட்டம், நான் வாங்குனப்பறமும் நாயுடு தோட்டம். இப்ப ஒலகத்து மேப்புலயும் நீங்க கொண்டுபோயி அதயே போட்டுட்டா, அப்பறம் நான் எப்பத்தானுங்க வாங்கறது?"

ஹாரிகாவுக்குச் சுருக்கென்றது. தாத்தா பேரைத் தன் கையால் அழிப்பதா என்று ஒரு பக்கம் மனசு முரண்டியது. மூக்கு நுனிவரை அழுகை வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தா விலை பேசி, சம்மதித்துத்தான் விற்றார். விற்ற பிறகும் தோட்டத்தை விட்டுக்கொடுக்காதது மற்றவர்களின் வாய்தான். அதில் தன் வாயும் சேர்த்தி.

பேரை அழித்தாள். 'அன்புச்செல்வி தோட்டம்' என்று தட்டிக் காட்டினாள். அன்புச்செல்வி எழுத்துக்களைப் பெரிசாக்கிப் பார்த்தாள். பிறகு உரிமையாளர் என்ற இடத்தில் போட, தன் முழுப்பேரையும் போன் நம்பரையும் நிதானமாகச் சொன்னாள்.

"ஏனுங்க, மொதல்ல கண்டுபுடிச்சது நாந்தான? தாள்ல பேரு எழுதலாமுங்களா?"

பதிவேறும் முன்னால் எழுதுவது முறையல்ல. முறை கிடக்கட்டும் என்று ஹாரிகா பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே பெட்டி வரைபடத்தில் ஏறியது. அப்புறம் ஒருவரும் வரவில்லை. ஹாரிகா ஆபீசில் வேலைக்கு நடுவே போனைப் பார்ப்பதும், அன்புச்செல்வி தோப்பிலிருந்து 'யாராச்சும் வந்தாங்களா?' என்று செய்தி அனுப்புவதுமாகவே ஓடியது. ஒருநாள் பாலக்காட்டுப் பையன் ஒருவன் பதிந்திருந்தான்: "கிடைத்தது! பாலத்து டீக்கடையில் கேட்டேன், அப்படியொரு தோட்டமே கிடையாது என்றார்கள். போன் மட்டும் இருக்கிறது என்றது. போன் சொன்னதுதான் சரி." அன்புச்செல்வி அதைத் திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "பாலுசாமியண்ணனுக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், பொள்ளாச்சியிலிருந்து இரண்டு காலேஜ் பிள்ளைகள். எல்லோரும் பாலத்தில் வண்டியை நிறுத்தி, டீ குடித்து, அதே பேரைத்தான் கேட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து, நனைந்த தாளை மாற்ற ஹாரிகா வந்தாள். பெட்டி வைத்தவர்தான் அதைப் பராமரிக்க வேண்டும். வேலை முடிந்து இரண்டு பேரும் பாலுசாமி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் இருந்த பெண் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழி சொல்லிவிடக்கூடாது என்று ஹாரிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாலுசாமிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், டீயை ஆற்றிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"அன்புச்செல்வி தோட்டமுங்களா கண்ணு? வாய்க்காலத் தாண்டி எடக்கைப் பக்கம்."

பைக் கிளம்பிப் போயிற்று. அன்புச்செல்வி டம்ளரை பெஞ்சில் வைத்தாள்.

"அண்ணா, இன்னொருக்காச் சொல்லுங்க."

"எத அம்மணி?"

"வழியத்தான்."

பாலுசாமி அவளை விநோதமாகப் பார்த்தார். தன் தோட்டத்துக்கே வழி கேட்கிறாளே என்று நினைத்திருப்பார். ஆனாலும் மறுக்காமல் இன்னொரு தரம் முழுசாகச் சொன்னார்.