முந்தின கேள்விக்கு முந்தின கேள்வி

எங்கள் குடியிருப்பின் லிப்ட்டில் பொத்தான் கிடையாது. ஏறி நின்றால் அதுவே நம் அறிவை அளந்து, அதற்கேற்ற மாடியில் இறக்கிவிடும். படிக்கட்டு வைக்க மறந்துவிட்டார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

நானும் என் மனைவி அமுதவல்லியும் கல்யாணமான நாளிலிருந்து மூன்றாம் மாடி. நான்காம் மாடியில் ஓர் ஆடு இருக்கிறது. பார்த்தால் வணக்கம் சொல்லிவிடுவேன். மேல்மாடிக்காரர்களிடம் எதற்கு வம்பு.

போன மாதம் பால் வாங்கிக்கொண்டு இருவரும் ஏறினோம். மூன்றில் கதவு திறந்தது. நான் இறங்கினேன். அவள் காலெடுத்து வைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டு, லிப்ட் அவளை ஏழாம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் சமையலறையும் அவளோடு போயிருந்தது. அது இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர்.

பகலில் கீழே பால் பூத் ஓரம் பார்த்துக்கொள்வோம். சாயங்காலம் ஆனால் அவள் ஏழில், நான் மூன்றில். எனக்குத் தாங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் என் செருப்புச் சத்தமே யாரோ நடப்பது போல இருந்தது.

“அறிவ ஏத்தலாம் சார்,” என்றார் சகாயமேரி டீச்சர். சைக்கிள் ஸ்டாண்டில் நினைவுப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர். “மனசுக்குள்ள ஒரு சின்ன மேஜ இருக்கு. அத அகலமாக்கணும். அகலமாச்சுன்னா அறிவு தானா வந்து உக்காரும்.”

“நிச்சயமா உக்காருமா?”

“மேஜ அகலமாகும். அதுக்கு நான் கேரண்டி.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

டீச்சர் காய்கறிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொன்றைக் கேட்டதும், முந்தினதுக்கு முந்தினதை நான் சொல்ல வேண்டும். கத்தரிக்காய், புடலங்காய், அவரைக்காய் என்பார். அவரைக்காய் காதில் விழுந்ததும் நான் “கத்தரிக்காய்” என்பேன். முதலில் உளறிக் கொட்டினேன். போகப்போகப் பின்னி எடுத்தேன். டீச்சர் வேகத்தைக் கூட்டினார். நான் விடவில்லை. கூட்டம் கூடியது. யாரோ விசிலடித்தார்கள். ஆடுகூடக் கீழே வந்து பார்த்தது. ஆயுசில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. 

ஒரு சின்னத் தொந்தரவு. பயிற்சி வாயில் ஒட்டிக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும், முந்தின கேள்விக்கு முந்தின கேள்விக்குத்தான் பதில் வருகிறது. யாரும் கேட்காவிட்டால் வாயே திறப்பதில்லை. தலையும் அப்படித்தான் ஆடுகிறது.

“எத்தன பாக்கெட் சார்?” என்று பால்காரர் கேட்டார். பிறகு, “பச்சையா, நீலமா?” என்றார். இரண்டுக்கும் வேறு யாருக்கோ சொல்ல வேண்டிய பதில்களைச் சொன்னேன்.

“ஊருல அம்மா சௌக்கியமா?”

“ரெண்டு,” என்றேன்.

அமுதவல்லி நான்கு நாள் பால் பூத் ஓரம் என்னைக் கவனித்துவிட்டு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏழாம் மாடி என்றால் சும்மாவா.

இன்று காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பெட்டியும் கையுமாகக் கீழே லிப்ட் முன்னால் நின்றேன்.  அமுதவல்லி பிளாஸ்க்கோடு வந்தாள்.

“காபி வேணுமாங்க?” என்றாள்.

“இந்தத் தடவ எந்த மாடி சார்?” என்று லிப்ட்காரர் பிச்சாண்டி கேட்டார்.

இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டு ஏறினேன். அவளும் ஏறினாள். ஒன்று. இரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். லிப்ட் நின்றது.

மூன்று.

“காய்கறியில நீங்க ராஜா சார்,” என்றார் பிச்சாண்டி. “நேத்து ஒருத்தர் நாலு காய்க்கு முந்தின காயச் சொன்னாரு. அவரு ரெண்டுலயே எறங்கிட்டாரு. மேஜ பெருசாயிடுது. மேல ஒண்ணும் வந்து உக்கார மாட்டேங்குது.”

அழுகை முட்டியது. அமுதவல்லி என் கையைப் பிடித்தாள்.

“லிப்ட் இல்லாத வீடா பாத்துப் போயிடலாமா?”

“வேணாம்,” என்றது என் வாய்.

அது காபிக்கான பதில். எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் கை தளர்ந்தது.

“எறங்கறீங்களா சார்?” என்றார் பிச்சாண்டி.

“ஏழு.”

“ஏழு இல்ல சார், மூணு.” பெட்டியை வெளியே வைத்து, என்னையும் மெல்லத் தள்ளினார்.

கதவு மூடத் தொடங்கியது. இன்னும் ஒரே ஒரு கேள்வி வேண்டும். யாராவது எதையாவது கேட்க வேண்டும். ஓயாமல் பேசும் பிச்சாண்டி அப்போது பார்த்து வாயை மூடிக்கொண்டார். அமுதவல்லி விரலை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

“என்னங்க, மழ வருதா?”

“போயிடலாம்!” என்று கத்தினேன்.

அவள் சிரித்ததைப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது.

“அறிவிருக்கிறவங்க ஏழாம் மாடி வீட்ட விடுவாங்களாம்மா?” என்று உள்ளே பிச்சாண்டி கேட்பது கேட்டது.

லிப்ட்டும் அதை யோசித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஏழுக்குப் போகாமல் கீழே போகத் தொடங்கியது.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

“எறங்கறேன்,” என்றது என் வாய்.