வாசலில் நிற்கும் அன்னம்மா

1957ஆம் ஆண்டு போகியன்று கம்போங் செட்டி கிராமத்தில் கமலவேணியின் வீட்டுக்குச் சாப்பிட வந்த இறந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. அந்த வாரம் மீன் விலையும் ஏறியிருந்தது. போகிக்கு முன்னோருக்கு இலை போட்டுக் கதவைச் சாத்துவது, தமிழ் வம்சமானாலும் தலைமுறைகளாக மலாய் பேசிவரும் செட்டிகளின் வழக்கம். முன்னோர் உண்டு முடித்ததும், கூப்பிட்டவரே கதவைத் திறந்து அந்த மலாய்ப் பேச்சிலேயே விடைகொடுக்க வேண்டும். கமலவேணிக்கு அந்தப் பேச்சு தெரியாது. அவள் அம்மா அன்னம்மா செட்டிப் பெண்தான். ஆனால் ஜாலான் பெண்டஹாரா சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பா, வீட்டுக்குள் தமிழைத் தவிர எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தைய ஆண்டு அன்னம்மா இறந்த பிறகுதான் அவளுடைய பூர்வீக வீடு மகளுக்கு வந்தது.

கதவைத் திறந்தால், வந்தவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக அன்னம்மா. மகளை யாரோ எவரோ போலப் பார்த்தாள். செத்ததோடு தமிழும் அவளை விட்டுப் போயிருந்தது. மறுநாளிலிருந்து குழம்பில் உப்பு நிற்கவில்லை. தை முடிவதற்குள், கமலவேணியின் தவழ்கிற குழந்தை மல்லிகா தரைக்கு ஒரு சாண் மேலே தவழ ஆரம்பித்தாள். கணவன் நடராஜன் குழந்தையின் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, மறுமுனையை அம்மிக்கல்லில் முடிந்தான்.

வேறு வழியில்லாமல் கமலவேணி அந்தப் பேச்சை இறந்தவர்களிடமே கற்றாள். கீரை ஆய்ந்தபடி அவர்கள் முணுமுணுப்பதைத் திருப்பிச் சொல்வாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்னம்மாவும் சிரித்தாள். பெற்றவளே சிரித்தது கமலவேணிக்கு வலித்தது. பெகி என்றால் போ, டாத்தாங் என்றால் வா என்று தெரிந்ததும், தமிழ் வீட்டில் வளர்ந்தவள் எப்படி வழியனுப்புவாளோ அப்படியே, அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து, போய்விட்டு வாருங்கள் என்றாள். அவர்கள் மரியாதையாக எழுந்து வாசல் வரை போனார்கள். போய்விட்டு வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே மல்லிகாவும் மிதந்தாள். ஒவ்வொரு தடவையும் அம்மிக்கல் இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் இழுபட்டது.

வேலிக்கு அப்பாலிருந்து இதைப் பார்த்த, அன்னம்மாவுக்குத் தங்கை முறையான பக்கத்து வீட்டுக் காமாட்சி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கத்தினாள். “ஐயோ, செத்தவங்கள டாத்தாங் சொல்லாதே-லா! பெகி. அவ்ளோதான். அப்புறம் வாய மூடு.”

அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்தவரை வெறுமனே போ என்று எப்படிச் சொல்வது? அதுவும் பெற்ற தாயை? நாளைக்கு, நாளைக்கு என்று மாதங்கள் ஓடின. ஆகஸ்டில் நாட்டுக்குக் கிடைக்கவிருந்த சுதந்திரத்துக்காகத் தெருவெல்லாம் கொடி கட்டிய ஒரு காலை, மல்லிகா நிலைப்படிக்கு மேல் மிதந்தாள். சேலை நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. கமலவேணி கண்ணை மூடிக்கொண்டு “பெகி” என்றாள். ஒவ்வொருவராகப் போனார்கள். அன்னம்மா மட்டும் அசையவில்லை. “பெகி, அம்மா.”

குழந்தை தொப்பென்று நிலைப்படியருகே விழுந்து வீரிட்டது. வாசலைத் தாண்டிய அன்னம்மா நின்றாள். மறந்துபோன தமிழ் எங்கிருந்தோ வந்தது. “வரேம்மா” என்றாள்.

வா என்ற சொல் கமலவேணியின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதில் வராததால் அன்னம்மா இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். மல்லிகா அவளைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் படிப்பையும் முடித்துவிட்டாள். அந்த வீட்டில் யாரையும் வா என்று அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாமாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மழை பிடித்தால் கமலவேணி ஒரு வார்த்தை பேசாமல் போய், அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள்.